தண்டர்பேர்டில் வேண்டாததை ஒதுக்கிவைப்பது எப்படி: பெரியப்பாவின் மடிக்கணினியும் நானும்

முதல் தடவை நான் செய்தது தப்பு. ஒரு ஞாயிறு மதியம் பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, அவருடைய மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, தண்டர்பேர்டு என்ற மெயில் செயலியில் இருந்த பட்டை, பொத்தான், பலகம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டேன். திரையில் கடிதப் பட்டியல் மட்டும் நின்றது. துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. எனக்கு ஒரே பெருமை. மாலை பஸ் பிடித்துத் திருச்சி வந்துவிட்டேன்.

திங்கள் காலை ஏழு மணிக்குப் போன். "என்னம்மா, லெட்டரெல்லாம் தலைப்பு மட்டும் நிக்குது, உள்ள ஒண்ணுமே காணோம்?"

அவர் ஒரு கடிதத்தை ஒரே ஒரு தடவை சொடுக்கி, கீழே விரியும் பலகத்தில் படிப்பவர். அந்தப் பலகத்தைத்தான் நான் இடத்தை அடைக்கிறது என்று எடுத்துவிட்டிருந்தேன். எஃப் 8 விசையை அழுத்தினால் திரும்ப வந்துவிடும். ஆனால் அதைப் போனில் சொல்லிப் புரியவைக்க இருபது நிமிடம் ஆனது. அவர் மடிக்கணினியில் எஃப் விசைகளுக்கு எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த முறை போனபோது மவுஸைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, கையில் ஒரு நோட்டோடு அரை மணி நேரம் அவர் பயன்படுத்துவதைப் பார்த்தேன். எதைத் தொடுகிறார், எதைத் தேடுகிறார், எங்கே கை தயங்குகிறது. நோட்டில் ஏறியது மொத்தம் ஒன்பது வரி. கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த ஒன்பது வரியிலிருந்து வந்ததுதான். நீங்களும் யாருக்காகச் செய்தாலும், உங்களுக்கே செய்துகொண்டாலும், இந்த அரை மணியை விடாதீர்கள். மெனுவைத் திறந்துவைத்துக்கொண்டு 'இது வேண்டுமா வேண்டாமா' என்று யோசித்தால் எல்லாமே வேண்டாம் போலத்தான் தெரியும்.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. பொதுப்பணித் துறையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 74. ஒரு கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது, இன்னொன்று காத்திருக்கிறது. கும்பகோணத்தில் அவர்கள் நகரின் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர், அதனால் மெயில் வந்தபடி இருக்கும். கணினி 14 அங்குலம், திரை 1366×768. இந்த அளவுதான் பல முடிவுகளைத் தீர்மானித்தது.

தண்டர்பேர்டின் முகம் 2023 ஜூலையில் வந்த 115ஆம் பதிப்பில் பெரிதாக மாறியது. நான் சொல்லும் இடங்கள் அதற்குப் பிந்தைய பதிப்புகளுக்குப் பொருந்தும். ஹெல்ப் மெனுவில் அபௌட் என்ற வரியைச் சொடுக்கினால் உங்கள் எண் தெரியும். மெனுப் பட்டையே கண்ணில் படவில்லையென்றால் ஆல்ட் விசையை ஒரு தட்டு தட்டுங்கள், மேலே எட்டிப்பார்க்கும். விண்டோஸில் இப்படி. மேக்கில் அது எப்போதும் திரையின் உச்சியிலேயே இருக்கும்.

தொடங்குமுன் ஒரு நகல். ஹெல்ப் மெனுவில் மோர் ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் புரொஃபைல் ஃபோல்டர் என்ற வரியும் பக்கத்தில் அதைத் திறக்கும் பொத்தானும் இருக்கும். அந்த உறை (ஃபோல்டர்) எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை மூடிவிட்டு, உறையை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுங்கள். கடிதங்கள் அதிகமிருந்தால் நேரம் எடுக்கும், போய் ஒரு காபி போடலாம். பட்டைகளும் பலகங்களும் எங்கெங்கே நின்றன என்பது எக்ஸ்யூஎல்ஸ்டோர் என்ற சின்னக் கோப்பிலும், மற்ற விருப்பங்கள் பிரெஃப்ஸ் என்ற கோப்பிலும் இருக்கின்றன. அவசரம் என்றால் அந்த இரண்டையாவது நகலெடுத்துவிடுங்கள்.

சரி, எழுத்திலிருந்து ஆரம்பிக்கலாம். என் நோட்டில் முதல் வரியே அதுதான்: படிக்கும்போது தலை திரைக்குள் போகிறது.

இங்கே பலரும் குழம்புவது ஒன்று. கண்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்தினால் பெரிதாவது கடிதத்தின் உள்ளடக்கம் மட்டும்தான். பட்டியலும் உறைகளின் பெயர்களும் அப்படியே பொடியாக நிற்கும். அவற்றைப் பெரிதாக்க வியூ மெனுவில் ஃபான்ட் சைஸ் என்று தனியாக இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே டென்சிட்டி: காம்பாக்ட், டிஃபால்ட், ரிலாக்ஸ்டு என்று மூன்று. வயதானவர் என்றதும் நம் கை ரிலாக்ஸ்டுக்குப் போகும். போகக் கூடாது. அது எழுத்தைப் பெரிதாக்காது, வரிகளுக்கிடையில் வெற்றிடத்தைத்தான் கூட்டும். எழுத்தை இரண்டு மூன்று படி ஏற்றி, டென்சிட்டியைக் காம்பாக்டில் வையுங்கள். சின்னத் திரையில் அதுதான் கட்டுப்படியாகும்.

கடிதத்துக்குள் இருக்கும் தமிழ் எழுத்துக்கு வேறு வழி. செட்டிங்ஸைத் திறந்து, ஜெனரல் பக்கத்தில் லாங்குவேஜ் அண்ட் அப்பியரன்ஸ் என்ற பகுதியில் அட்வான்ஸ்டு பொத்தானை அழுத்துங்கள். எந்த மொழிக்கு எந்த எழுத்துரு, என்ன அளவு, குறைந்தபட்சம் எவ்வளவு என்று ஒரு பெட்டி வரும். மேலே மொழியாகத் தமிழைத் தேர்ந்து எழுத்துரு நிர்மலா யூஐ, அளவு 20, குறைந்தபட்சம் 16 என்று வைத்தேன். ஒன்றும் மாறவில்லை! காரணம், இன்று வரும் தமிழ் மெயில்கள் பெரும்பாலும் எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் வருகின்றன. தண்டர்பேர்டு அவற்றின் அளவை அநேகமாகத் தமிழ் என்ற தலைப்பிலிருந்து எடுப்பதில்லை, அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ் என்ற தலைப்பிலிருந்து எடுக்கிறது. அதனால் தமிழ், லத்தீன், அதர் ரைட்டிங் சிஸ்டம்ஸ் மூன்றிலும் ஒரே அளவை வைத்துவிடுங்கள். பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், வேறு குறுக்குவழி இல்லை.

அதே பெட்டியின் கீழே இரண்டு டிக். சாதா எழுத்துக் கடிதங்களுக்கு நிலையான அகல எழுத்துருவைப் பயன்படுத்து என்ற பொருளில் ஒன்று இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். டைப்ரைட்டர் கணக்காக எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பது ஆங்கிலத்துக்குச் சரி. 'ணௌ'வுக்கும் 'ர'வுக்கும் ஒரே அகலம் என்றால் பார்க்கச் சகிக்காது. இன்னொன்று, கடிதங்கள் தங்கள் சொந்த எழுத்துருவைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி. அதையும் எடுத்தால் எல்லோருடைய கடிதமும் ஒரே எழுத்தில் வரும். சங்கத் தலைவர் எழுதும் ஊதாநிற வளைந்த எழுத்துக்கு அன்றோடு விடுதலை.

இந்த வேலை முடிந்ததும் பெரியப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மற்றதை எல்லாம் விட்டு இதை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

இனிப் பட்டியல். கார்ட்ஸ் வியூ, டேபிள் வியூ என்று இரண்டு வகை. பட்டியலின் தலைப்பில் வலது மூலையில் உள்ள சின்னப் பொத்தானில் மாற்றலாம். கார்ட்ஸில் ஒரு கடிதத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள், பார்க்க அழகு, ஆனால் கண்ணுக்குத் தெரியும் கடிதங்களின் எண்ணிக்கை குறையும். இரண்டையும் காட்டினேன். அவர் சற்றும் யோசிக்காமல் டேபிளைக் காட்டி, "இது இன்வேர்டு ரிஜிஸ்டர் மாதிரி இருக்கு" என்றார். பிறகு அவரே கேட்டார்: "அப்ப தேதி ஏன் கடைசியில இருக்கு?"

நியாயம்தான். தபால் பதிவேட்டில் முதல் கட்டம் தேதி, அடுத்து யாரிடமிருந்து, அடுத்து பொருள். அதையே செய்தோம். கட்டத்தின் தலைப்பைப் பிடித்து இழுத்தால் இடம் மாறும். வலது ஓரத்தில் உள்ள கட்டத் தேர்வுப் பொத்தானைத் திறந்து வேண்டாதவற்றின் டிக்கை எடுத்தோம்: நட்சத்திரம், ஸ்பேம் சின்னம், பதில்களைக் கோக்கும் நூல் சின்னம். கரஸ்பாண்டண்ட்ஸ் என்ற கட்டத்தையும் எடுத்துவிட்டு வெறும் ஃப்ரம் போட்டோம். முன்னதில் யார் அனுப்பியது, யாருக்குப் போனது என்பதை ஒரு சின்ன அம்புக்குறிதான் சொல்லும், அவர் கண்ணுக்கு அது தெரியாது. இணைப்பைக் காட்டும் ஊக்கு மட்டும் இருக்கட்டும் என்றார். நான்கு கட்டம், அவ்வளவுதான். முடிந்ததும் அதே பட்டியலில் அப்ளை காலம்ஸ் டு என்ற வரியில் மற்ற உறைகளுக்கும் இதையே பரப்பலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு உறையும் ஒவ்வொரு கோலத்தில் நிற்கும். அனுப்பியவை உறைக்கு மட்டும் பரப்பாதீர்கள், அங்கே ஃப்ரம் கட்டம் முழுக்க அவர் பெயரே வரிசையாக நிற்கும்.

புதியது மேலே வரட்டும் என்று நான் தேதித் தலைப்பைச் சொடுக்கினேன். அவர் மறுத்தார். பதிவேட்டில் புதியது கீழேதானே எழுதப்படும்? கீழேயே விட்டேன். இது என் வாழ்க்கையில் பார்த்த மிக விசித்திரமான இன்பாக்ஸ், ஆனால் அதில் அவர் ஒரு கடிதத்தையும் இதுவரை தவறவிட்டதில்லை.

முன்பு தவறவிட்டது வேறு காரணத்தால். ஒரு கடிதத்துக்கு வரும் பதில்களை நூலில் கோப்பதுபோல் பழைய கடிதத்தின் கீழே சேர்த்துவைக்கும் வசதி உண்டு. அலுவலகத்தில் எனக்கு அது உயிர். அவருக்கோ, இன்று வந்த பதில் போன மாதக் கடிதத்தின் அடியில் மடிந்து கிடக்கும். வியூவில் சார்ட் பை என்பதற்குள் அன்த்ரெடெட் என்று தேர்ந்தால் ஒவ்வொரு கடிதமும் தனித்தனியாக நிற்கும்.

திரை அமைப்பு வியூவில் லேஅவுட் என்பதில் இருக்கிறது. கிளாசிக், வைட், வெர்டிகல் மூன்றில் அகலத் திரை இருந்தால் வெர்டிகல் நல்லது. 1366 புள்ளி அகலத்தில் மூன்று பலகத்தைப் பக்கம் பக்கமாக நிறுத்தினால் மூன்றுமே சந்து. கிளாசிக்கில் விட்டோம்.

இடது பக்க உறைகளுக்கு வருவோம். இன்பாக்ஸ், டிராஃப்ட்ஸ், சென்ட், ஆர்க்கைவ்ஸ், ஸ்பேம், டிராஷ், அப்புறம் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று இன்னொரு குடும்பம். உறைப் பலகத்தின் தலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைச் சொடுக்கி லோக்கல் ஃபோல்டர்ஸை மறைக்கலாம். மறைப்பதற்கு முன் அதற்குள் ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். அதே மூன்று புள்ளியில் ஃபோல்டர் மோட்ஸ் என்பதற்குள் ஃபேவரிட் என்று ஒரு வகை. முதலில் வேண்டிய உறைகளை வலது சொடுக்கி, ஃபேவரிட் ஃபோல்டர் என்று டிக் செய்யுங்கள். பிறகு ஃபேவரிட் மோடை இயக்கி, ஆல் ஃபோல்டர்ஸை அணைத்துவிடுங்கள். குறித்த உறைகள் மட்டும் நிற்கும், மற்றவை இருந்த இடத்தில் பத்திரமாக இருக்கும். பெரியப்பாவுக்கு நான்கு: வந்தது, அனுப்பியது, சங்கம், ஸ்பேம்.

ஸ்பேமை ஏன் வைத்தேன்? அவர் அதைத் தொட்டதே இல்லை, என் நோட்டுக் கணக்குப்படி அது போயிருக்க வேண்டும். ஆனால் அவருக்கு வர வேண்டிய கடிதம் ஒன்று அங்கே பதினோரு நாள் கிடந்ததை அன்றுதான் கண்டுபிடித்தோம். கண்ணில் படாத உறையை யாரும் திறந்து பார்ப்பதில்லை. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, திறந்து பார்ப்பது என்று ஏற்பாடு.

எளிமை என்ற பெயரில் எடுத்துவிடக் கூடாதது இன்னொன்று: அனுப்பியவரின் முழு முகவரி. முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்களுக்கு வெறும் பெயரை மட்டும் காட்டும் விருப்பம் தண்டர்பேர்டில் உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் வங்கியின் பெயரைப் போட்டுக்கொண்டு வரும் போலிக் கடிதத்தைப் பெயரைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, முகவரியின் வாலைப் பார்த்தால்தான் தெரியும். திறந்த கடிதத்தின் தலைப்பில் மோர் என்ற பொத்தானுக்குள் கஸ்டமைஸ் இருக்கிறது. அங்கே முழு முகவரியை எப்போதும் காட்டு என்பதை இயக்குங்கள். அதே பெட்டியில் பொருள் வரியைப் பெரிய எழுத்தில் காட்டவும், பொத்தான்களைச் சின்னத்தோடு சேர்த்துச் சொல்லாகவும் காட்டவும் வழி உண்டு. படத்தை மட்டும் போட்டால் அவர் அம்புக்குறிகளைப் பார்த்து, "இது எந்தத் திசை, அது எந்தத் திசை?" என்று கேட்பார். ரிப்ளை, ஃபார்வர்டு என்று எழுதியிருந்தால் கேள்வி இல்லை.

விளம்பரக் கடிதங்களின் ஆரவாரம் தாங்காதவர்கள் வியூவில் மெசேஜ் பாடி அஸ் என்பதைப் பாருங்கள். பிளெயின் டெக்ஸ்ட் என்று வைத்தால் எல்லாம் வெறும் எழுத்தாகிவிடும், ஆனால் வங்கிக் கணக்கு விவரம் போன்ற அட்டவணைகள் குலைந்துபோகும். நடுவில் சிம்பிள் எச்டிஎம்எல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் எங்களுக்குத் தோதானது. வெளியிலிருந்து ஏற்றும் படங்களைத் தண்டர்பேர்டு தானாகவே தடுத்துவைக்கும், அதை அப்படியே விடுங்கள்.

அவர் திரையின் உச்சியில் நான் பார்த்தபோது 23 டேப் திறந்திருந்தன. கை தவறி விழும் இரட்டைச் சொடுக்கு ஒவ்வொன்றும் ஒரு டேப், மூடும் பழக்கம் கிடையாது, மறுநாள் திறந்தாலும் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும். செட்டிங்ஸில் ஜெனரல் பக்கத்தில், கடிதங்களை எங்கே திறப்பது என்ற கேள்விக்கு, ஏற்கெனவே உள்ள சாளரத்தில் என்று பதில் கொடுத்தேன். இப்போது எத்தனை தடவை இரட்டைச் சொடுக்குப் போட்டாலும் ஒரே சாளரம். அதே பக்கத்தில் தொடக்கப் பக்கம் காட்டுவதையும், புதுக் கடிதம் வரும்போது ஒலி எழுப்புவதையும் நிறுத்தினேன். மேற்பட்டையை வலது சொடுக்கிக் கஸ்டமைஸ் போய் எழுது, கடிதம் வாங்கு, தேடல் பெட்டி மூன்றையும் வைத்து மற்றதை இழுத்துப் போட்டாயிற்று.

நாட்காட்டி கடைசி. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து அது தண்டர்பேர்டின் உள்ளேயே இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். கண்ட்ரோல், ஷிஃப்ட், சி சேர்த்து அழுத்தினால் முழு நாட்காட்டி திறக்கும். பெரியப்பாவுக்கு அது வேண்டாம். அவர் சுவரில் தினசரி கிழிக்கும் காலண்டர் இருக்கிறது, ராகு காலம் முதல் பிரதோஷம் வரை அதில்தான். கணினியில் அவருக்குத் தேவை நான்கே விஷயம்: மாதத்தின் இரண்டாம் ஞாயிறு சங்கக் கூட்டம், கண் டாக்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை, பேத்தியோடு வீடியோ பேச்சு. இதற்கு எஃப் 11 அழுத்தினால் வலது பக்கம் திறக்கும் டுடே பேன் போதும். இன்று, நாளை, வரவிருப்பவை என்று வரிசையாகக் காட்டும். பணிப் பட்டியலும் கூடவே வரும், பலகத்தின் தலையில் ஈவண்ட்ஸ் மட்டும் என்று மாற்றிக்கொள்ளலாம்.

முழு நாட்காட்டியைப் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் கேலண்டர் பக்கத்தில் வாரம் எந்தக் கிழமை தொடங்க வேண்டும், நாள் எத்தனை மணிக்குத் தொடங்கி முடிகிறது, ஒரே சமயத்தில் எத்தனை மணி நேரம் தெரிய வேண்டும் என்பவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் நான் வாரக் காட்சியில் வேலை நாட்களை மட்டும் வைத்திருக்கிறேன். சனிக்கிழமையும் வேலை உள்ளவர்கள் அதையும் வேலை நாளாகக் குறிக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் சனிக்கிழமைச் சந்திப்பு திரையிலேயே இருக்காது.

இடது ஓரத்தில் கடிதம், முகவரி, நாட்காட்டி, பணி, அரட்டை என்று செங்குத்தாக ஒரு பட்டை நிற்கும். அடியில் உள்ள அம்புக்குறியைச் சொடுக்கினால் அது மடங்கி, மேலே இடது மூலையில் ஒரு சின்னப் பொத்தானாகிவிடும். மடக்கியபின் அந்தப் பொத்தானைக் கையோடு காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யவில்லை. எழுத்தும் பட்டியலும் முதல் ஞாயிறு, உறைகள் அடுத்த ஞாயிறு, மீதி தீபாவளிக்குப் போனபோது. எங்காவது சிக்கிக்கொண்டால் ஹெல்ப் மெனுவில் ட்ரபுள்ஷூட் மோட் இருக்கிறது. அதில் பட்டைகளையும் பொத்தான்களையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும் தெரிவு உண்டு.

போன மாதம் போனபோது மடிக்கணினியின் மூடிக்குள் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. டிரேசிங் பேப்பரில், வரைபடத்தின் மூலையில் குறியீட்டு விளக்கம் போடுவார்களே, அந்தக் கட்டத்துக்குள் அவருடைய அச்சு போன்ற கையெழுத்தில்: எஃப்என் + எஃப் 8 கடிதம், எஃப்என் + எஃப் 11 இன்று, வெள்ளி ஸ்பேம். கீழே வலது மூலையில் தேதி, அளவு விகிதம் இல்லை, வரைந்தவர் கையொப்பம். சரிபார்த்தவர் என்ற இடம் காலியாக இருந்தது. பேனாவை நீட்டினார், போட்டுவிட்டு வந்தேன்.